நெய்யில் இருக்கும் பியூட்டிரேட் பெருங்குடலுக்குப் போய்ச் சேருமா?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். என் கணவருக்கு 36 வயது. இரண்டு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உள்சுவரில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்), இடது பக்கம் மட்டும். அதற்கு மெசலமைன் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். ஐந்து மாதமாக மலத்தில் ரத்தம் இல்லை, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று சரியாக இருக்கிறது. "நெய்யில் பியூட்டிரேட் இருக்கிறது, குடல் புண்ணை ஆற்றும்" என்று மாமியார் தினம் இரண்டு ஸ்பூன் நெய் ஊற்றுகிறார். பக்கத்து ஃபிளாட்காரர் 300 மில்லிகிராம் பியூட்டிரேட் கேப்ஸ்யூல் ஆன்லைனில் வாங்கச் சொல்கிறார். பழைய சோறு, இசப்கோல், குடல் பாக்டீரியா டெஸ்ட் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் செய்வது? மெசலமைனைக் குறைக்கலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். மெசலமைனைக் குறைக்காதீர்கள். ஏன் என்பது கீழே வரும். அதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்கும் விடை அதிலேயே கிடைத்துவிடும்.

நெய் விஷயத்தில் மாமியார் சொல்வதில் பாதி சரி. பால் கொழுப்பில் எடைக்கு மூன்று, நான்கு சதவீதம் பியூட்டிரிக் அமிலம், அதாவது பியூட்டிரேட், உண்டு. அந்தப் பெயரே வெண்ணெய்க்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். இரண்டு டீஸ்பூன் நெய் 10 கிராம் என்றால் அதில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கும். ஆனால் அது கொழுப்போடு பிணைந்த நிலையில் இருக்கிறது. இரைப்பையிலும் சிறுகுடலின் ஆரம்பத்திலும் கொழுப்பு செரிக்கும்போதே பிரிந்து, அங்கேயே உறிஞ்சப்பட்டு, கல்லீரலுக்குப் போய்விடும். உங்கள் கணவருக்குப் புண் வந்த இடம் அதற்கப்புறம் பல மீட்டர் தள்ளி இருக்கிறது. சாதத்தில் நெய் ஊற்றுவதில் தப்பில்லை, ருசிக்காக ஊற்றட்டும். மருந்து என்ற கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பெருங்குடலுக்குத் தேவையான பியூட்டிரேட் அங்கேயே தயாராகிறது. நாம் சாப்பிடுவதில் நம் நொதிகளால் உடைக்க முடியாத பகுதி (நார்ச்சத்தும், சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவுச்சத்தும்) பெருங்குடலின் வலப்பக்கத்துக்கு வந்து சேர்கிறது. காற்றில்லாத அந்த இடத்தில் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து மூன்று குட்டிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இரண்டு கார்பன் உள்ளது அசிட்டேட், மூன்று கார்பன் புரோபியோனேட், நான்கு கார்பன் பியூட்டிரேட். விகிதம் ஏறத்தாழ 60, 20, 20. இவற்றைக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்பார்கள். ஒரு நாளில் மொத்தமாக 300 முதல் 600 மில்லிமோல் (வேதிப்பொருளின் அளவைச் சொல்லும் அலகு) வரை உண்டாகும் என்பது வழக்கமான மதிப்பீடு. அதில் 95 சதவீதம் போல பெருங்குடலே உறிஞ்சிக்கொள்கிறது.

எல்லாப் பாக்டீரியாவும் பியூட்டிரேட் செய்வதில்லை. ஃபேகலிபாக்டீரியம் ப்ராஸ்னிட்ஸி, ரோஸ்பூரியா, யூபாக்டீரியம் ரெக்டேல், அனேரோஸ்டைப்ஸ் போன்ற சில இனங்கள்தான் அந்த வேலையைச் செய்பவை. தயிரிலும் கடையில் விற்கும் புரோபயாட்டிக் பாக்கெட்டிலும் வரும் லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் இரண்டும் பியூட்டிரேட் செய்யாது. அவை லாக்டேட்டும் அசிட்டேட்டும் செய்துகொடுக்கும், மேற்சொன்ன கூட்டம் அதை வாங்கி பியூட்டிரேட்டாக மாற்றும். ஒருவர் மாவு அரைத்துத் தர இன்னொருவர் இட்லி ஊற்றுவதுபோல. மாவு மட்டும் மலைபோல் குவிந்து இட்லி ஊற்ற ஆள் இல்லையென்றால் என்ன ஆகும்? தீவிரமான கொலைட்டிஸில் மலத்தில் லாக்டேட் தேங்கிக் கிடப்பது அதனால்தான்.

க்ரோன்ஸ் (கொலைட்டிஸைப் போன்ற இன்னொரு குடல் அழற்சி நோய்) நோயாளிகளின் குடலில் ஃபேகலிபாக்டீரியம் குறைந்திருப்பதையும், அந்தப் பாக்டீரியாவுக்கே அழற்சியை அடக்கும் குணம் இருப்பதையும் 2008-ல் ஒரு பிரெஞ்சு ஆய்வுக் குழு காட்டியது. 2014-ல் பெல்ஜியத்திலிருந்து வந்த ஆய்வு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் ஃபேகலிபாக்டீரியமும் ரோஸ்பூரியா ஹோமினிஸும் இரண்டுமே குறைவு என்றது. குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் குறைந்ததா என்று கேட்பீர்கள். இரண்டுமாகவும் இருக்கலாம். அது ஒரு சுழல். அந்தச் சுழல் எப்படிச் சுற்றுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், இந்தப் பதிலின் சாரம் அதில்தான் இருக்கிறது.

பெருங்குடலின் உள்சுவரில் வரிசையாக நிற்கும் செல்கள் விசித்திரமானவை. உடம்பின் மற்ற செல்கள் பெரும்பாலும் ரத்தத்தில் வரும் குளுக்கோஸை நம்பி இருக்க, இவை குடலின் உட்பக்கத்திலிருந்து வரும் பியூட்டிரேட்டை எரித்து வாழ்கின்றன. 1980-ல் ரோடிகர் என்பவர், பிரித்தெடுத்த மனிதப் பெருங்குடல் செல்களை வைத்துப் பார்த்தபோது, அவை செலவழிக்கும் ஆக்ஸிஜனில் 70 சதவீதத்துக்கு மேல் பியூட்டிரேட்டை எரிக்கவே போகிறது என்று கண்டார். அதே வருடம் அவர் இன்னொரு கட்டுரையில், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பதே அந்தச் செல்களின் எரிபொருள் பஞ்சமோ என்ற கேள்வியை எழுப்பினார்.

எரிப்பது சக்திக்காக மட்டும் இல்லை. பியூட்டிரேட்டை எரிக்க ஆக்ஸிஜன் வேண்டும். ரத்தக்குழாயிலிருந்து வரும் ஆக்ஸிஜனைச் சுவர்ச் செல்களே முழுக்கச் செலவழித்துவிடுவதால் குடலின் உட்பக்கத்துக்கு எதுவும் கசிவதில்லை. அதனால்தான் அங்கே காற்றுப் பிடிக்காத பாக்டீரியாக்கள், அதாவது பியூட்டிரேட் செய்பவை, நிம்மதியாக வாழ முடிகிறது. பியூட்டிரேட் குறைந்தால் செல்கள் குளுக்கோஸுக்கு மாறி, ஆக்ஸிஜனைக் குறைவாகச் செலவழிக்கின்றன. மீந்த ஆக்ஸிஜன் உள்ளே கசிகிறது. கூடவே அழற்சியில் உண்டாகும் நைட்ரேட்டும் சேர்கிறது. ஈ.கோலை வகையறாக்கள் இரண்டையும் வைத்துச் சுவாசிக்கத் தெரிந்தவை, அவை பெருகும். ஆக்ஸிஜன் பட்டால் சாகும் ஃபேகலிபாக்டீரியம் இன்னும் குறையும், பியூட்டிரேட்டும் இன்னும் குறையும். சுழல் இப்படித்தான் சுற்றுகிறது.

இந்த எரிப்பை முடுக்கிவிடும் சாவி, சுவர்ச் செல்லுக்குள் இருக்கும் பீபார்-காமா என்ற ஏற்பி. 2017-ல் கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகக் குழு எலிகளில் காட்டியது இதைத்தான்: பியூட்டிரேட் அந்த ஏற்பியைத் தூண்டுகிறது, ஆன்டிபயாட்டிக் கொடுத்து பியூட்டிரேட் செய்பவர்களைக் கொன்றால் தூண்டுதல் நின்று ஈ.கோலை பெருகுகிறது. இப்போது உங்கள் மெசலமைனுக்கு வருவோம். மெசலமைனும் அதே பீபார்-காமாவைத்தான் தூண்டுகிறது. 2005-லேயே இது தெரிந்த விஷயம். பியூட்டிரேட் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை, பியூட்டிரேட் போதாத குடலில் அந்த மாத்திரை செய்துகொண்டிருக்கிறது. அதை நிறுத்திவிட்டு நாரை நம்புவது, மாற்று ஆள் வேலைக்குச் சேரும் முன்பே இருக்கிற ஆளை அனுப்பிவிடுவது.

எரிபொருளாக இருப்பதைத் தவிர பியூட்டிரேட்டுக்கு வேறு வேலைகளும் உண்டு. செல்லின் உட்கருவில் மரபணுக்களைச் சுருட்டி மூடும் ஹிஸ்டோன் டிஅசிட்டைலேஸ் நொதிகளை அது தடுக்கிறது. அதன் பலனாக, சண்டையை நிறுத்தச் சொல்லும் டி-ரெக் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் பெருங்குடலில் அதிகம் உருவாகின்றன. 2013-ல் சில மாத இடைவெளியில் மூன்று ஆய்வுக் குழுக்கள், குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களுக்கும் டி-ரெக் செல்களுக்கும் இருக்கும் இந்த உறவைத் தனித்தனியாக எலிகளில் காட்டின. வெள்ளணுக்கள் மேல் இருக்கும் ஜி.பி.ஆர். 43, 109ஏ போன்ற ஏற்பிகளும் இந்த அமிலங்களை உணர்ந்து அழற்சியைத் தணிக்கின்றன. சுவரை மூடியிருக்கும் சளிப்படலம் தடிப்பது, செல்களுக்கு இடையே உள்ள இணைப்பு இறுகுவது எல்லாம் இதே கணக்கில் சேரும். சளிப்படலத்துக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: சாப்பாட்டில் நார் வராவிட்டால் சில பாக்டீரியாக்கள் அந்தச் சளியையே தின்னத் தொடங்கிவிடும். மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நாரில்லாத தீனி போட்டு 2016-ல் இதைப் பார்த்தார்கள். படலம் மெலிந்து, தொற்றுக் கிருமி சுலபமாகச் சுவரைத் தொட்டது.

கொழுப்பு அமிலம் என்றால் இந்த மூன்றும்தான் என்றும் இல்லை. சமையல் எண்ணெயில் இருக்கும் லினோலெயிக் அமிலத்தை சில லாக்டோபேசிலஸ் வகைகள் ஹைட்ராக்ஸி அமிலமாக மாற்றும், அது குடல் சுவரைக் காப்பதாக ஜப்பானிய ஆய்வுகள் இருக்கின்றன. மறுபக்கம், நார் தீர்ந்துபோன பின் பாக்டீரியாக்கள் புரதத்தை நொதிக்க வைத்தால் ஐசோபியூட்டிரேட், ஐசோவேலரேட்டோடு அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் வரும். சல்ஃபைடு அளவு மீறினால் பியூட்டிரேட் எரிவதையே தடுக்கும். நாரில்லாமல் புரதப் பவுடரை மட்டும் குடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

நம் ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும்படி இதில் ஒன்று இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் காலரா நோயாளிகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுப்போக்கில் வெளியேறும் நீர் குறைந்தது, சீக்கிரம் நின்றது. 2000-ல் வெளியான ஆய்வு அது. பெருங்குடலில் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலம் உறிஞ்சப்படும்போது சோடியமும் தண்ணீரும் கூடவே இழுக்கப்படும் என்ற கணக்கு நோயாளியின் படுக்கையருகே நிரூபணமான இடம் வேலூர்தான்.

இனி கேப்ஸ்யூல். 300 மில்லிகிராம் சோடியம் பியூட்டிரேட் என்றால் 2.7 மில்லிமோல். குடல் ஒரு நாளில் 400 மில்லிமோல் அமிலம் செய்கிறது, அதில் ஐந்தில் ஒரு பங்கு பியூட்டிரேட் என்று வைத்தாலும் 80 மில்லிமோல் ஆகிறது. கேப்ஸ்யூல் அதில் முப்பதில் ஒரு பங்கு. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதுவும் மேலே சரியான பூச்சு இருந்தால்தான் பெருங்குடல் வரை போகும், இல்லாவிட்டால் நெய்யின் கதைதான். 10 கிராம் நார் நொதித்தால் சுமார் 100 மில்லிமோல் அமிலம் வரும், அதில் 15 முதல் 20 பியூட்டிரேட். ஆறேழு கேப்ஸ்யூலுக்குச் சமம். காய்ந்த ராஜ்மா 50 கிராமில் 8 கிராம் நார் இருக்கிறது. வேகவைத்தால் ஒரு கட்டோரி (சிறு கிண்ணம்), அவ்வளவுதான்.

கேப்ஸ்யூலை விடுங்கள், பியூட்டிரேட்டை நேராக மலக்குடலிலேயே எனிமாவாகச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். 1992-ல் பத்து நோயாளிகளிடம் நடந்த ஜெர்மன் ஆய்வு நல்ல பலன் காட்டியது. பிறகு அதிக நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வுகளில் அந்த அளவு வித்தியாசம் வரவில்லை. ஏன் என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிக முக்கியமாகப் படுவது. அழற்சி இருக்கும் சுவரில், பியூட்டிரேட்டை உள்ளே வாங்கும் எம்.சி.டி.1 என்ற கடத்தி குறைந்துவிடுகிறது, உள்ளே போனதை எரிக்கும் நொதிகளும் மந்தமாகிவிடுகின்றன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. இன்னொன்று: சுவரின் குழிகளுக்கு அடியில் இருக்கும் தாய்ச்செல்கள் பியூட்டிரேட்டைத் தாங்காது. சாதாரணமாக மேலே நிற்கும் செல்கள் அதை வழியிலேயே எரித்துத் தீர்த்துவிடும். மேற்பரப்பு உரிந்து புண்ணாக இருக்கும்போது பியூட்டிரேட் அடிவரை இறங்கி, புது செல் பிறப்பதைத் தடுக்கக்கூடும் என்று 2016-ல் வந்த எலி ஆய்வு சொல்கிறது. ஆகவே வரிசை முக்கியம். முதலில் மருந்தால் புண்ணை ஆற்ற வேண்டும், ஆறிய சுவருக்குத்தான் பியூட்டிரேட் பிரயோஜனம்.

உங்கள் கணவர் இப்போது இருப்பது அந்த இரண்டாவது கட்டத்தில். எனவே நாரை ஏற்றலாம். ஆனால் ரத்தம் இல்லை என்பதை மட்டும் வைத்து ஆறிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். தொடங்குவதற்கு முன் மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் புரதம்) பார்த்துவிடுங்கள். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் நிம்மதி, 250-க்கு மேல் என்றால் அழற்சி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், நார்ப் பரிசோதனைக்கு அது நேரமில்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடையில் வந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை சாப்பிட்டிருந்தால் எண் பொய்யாக ஏறும். அந்த மாத்திரைகள் நோயையே கிளறிவிடக் கூடியவை என்பதால் முதுகு வலி, தலைவலிக்கும் பாரசிட்டமாலே போதும்.

எந்த நார் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நொதித்தல் பெரும்பாலும் வலப்பக்கத்திலேயே முடிந்துவிடும். வலப்பக்கத்தில் லிட்டருக்கு 100 மில்லிமோல் சுற்றி இருக்கும் அமிலம், இடப்பக்கம் வருவதற்குள் கணிசமாக இறங்கிவிடும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தொடங்குவதோ மலக்குடலில், அதாவது கடைசி வீட்டில். தண்ணீர் லாரி தெரு முனையிலேயே காலியாவதுபோல. அதனால் வேகமாக நொதிக்கும் நாரை மட்டும் கொட்டினால் வலப்பக்கம் வாயு பெருகும், இடப்பக்கத்துக்குப் பெரிதாக ஒன்றும் போகாது. மெதுவாக நொதிக்கும் நாரையும் வேகமாக நொதிப்பதையும் சேர்த்துத் தர வேண்டும். செரிக்காத மாவுச்சத்தோடு இசப்கோல் சேர்த்தபோது நொதிக்கும் இடம் மலக்குடல் பக்கமாக நகர்ந்தது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

இசப்கோலுக்கு மனித ஆய்வும் இருக்கிறது. 1999-ல் ஸ்பெயினில், நோய் அடங்கிய நிலையில் இருந்த 105 கொலைட்டிஸ் நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இசப்கோல் விதை தினம் இரண்டு வேளை 10 கிராம், ஒரு பிரிவுக்கு மெசலமைன் 500 மில்லிகிராம் மூன்று வேளை, மூன்றாவதுக்கு இரண்டும். ஒரு வருடத்தில் நோய் திரும்பியது முறையே 40, 35, 30 சதவீதம் பேருக்கு. இந்த வித்தியாசங்கள் புள்ளியியல்படி பெரிதல்ல, ஆய்வும் சிறியது. "இசப்கோல் மெசலமைனுக்குச் சமம்" என்று இதை வைத்து வாட்ஸ்அப்பில் சுற்றுகிறார்கள், அப்படிப் படிக்கக் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வில் கொடுத்தது விதை. டெல்லியில் எந்த கெமிஸ்ட் கடையிலும் கிடைக்கும் 'இசப்கோல் பூஸி' விதையின் உமி. உமி ஜெல் ஆகி மலத்தைக் கட்டும், குறைவாகவே நொதிக்கும். மலம் ஒழுங்காவதற்கு நல்லது, பியூட்டிரேட்டுக்கு அது மட்டும் போதாது.

ஓட்ஸ் தவிட்டுக்கும் ஒரு ஆய்வு உண்டு. 2003-ல் ஸ்வீடனில், நோய் அடங்கிய 22 பேருக்கு மூன்று மாதம் தினம் 60 கிராம் ஓட்ஸ் தவிடு, அதாவது 20 கிராம் நார். நான்கு வாரத்தில் மலத்தில் பியூட்டிரேட் 36 சதவீதம் ஏறியது, யாருக்கும் நோய் திரும்பவில்லை. கடையில் விற்கும் சாதா ஓட்ஸில் தவிட்டளவு நார் இருக்காது. டெல்லியில் எளிதாகக் கிடைக்கும் ஜௌ, அதாவது பார்லி, அதே பீட்டா-குளூக்கான் வகை நாரைத் தரும். ஜௌ தலியாவை (உடைத்த பார்லி) உப்புமாவாகவோ கஞ்சியாகவோ செய்தால் நம் நாக்குக்கும் ஒத்துவரும்.

செய்யும் விதம் இப்படி இருக்கட்டும். முதல் வாரம் இசப்கோல் உமி ஒரு டீஸ்பூன், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில், கலக்கிய உடனே குடிக்க வேண்டும், பிறகு இன்னொரு அரை டம்ளர் தண்ணீர். கெட்டியாகும்வரை விட்டுவைத்து விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரண்டாம் வாரம் காலையில் ஜௌ கஞ்சி ஒரு கிண்ணம். மூன்றாம் வாரம் வாரத்துக்கு இரண்டு நாள் ராஜ்மாவோ கொண்டைக்கடலையோ கால் கட்டோரி, ஒத்துக்கொண்டால் அரை, பிறகு முழுசு. இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் குழைய வேகவிடுங்கள். வாயுவைக் கிளப்பும் ராஃபினோஸ், ஸ்டாகியோஸ் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். கடையில் வாங்கும் சோலே-பட்டூரேவுக்கு இந்தக் கணக்கு செல்லாது என்று சொல்லவேண்டியதில்லை. சுரைக்காய், பூசணி, கேரட், பீன்ஸ் என்று வெந்த காய்கள் தினமும் இருக்கட்டும். ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் போனால் வாழைக்காய் வாங்குங்கள். பச்சையாக இருக்கும்போது அதில் செரிக்காத மாவுச்சத்து ஏராளம், வேகவைத்தால் கணிசமாகக் குறைந்துவிடும், இருந்தாலும் பொரியல் செய்து ஆறவைத்துச் சாப்பிட்டால் கொஞ்சம் திரும்பி வரும்.

ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ஒரு வாரமாவது விடச் சொல்வது ஏன் என்றால், நொதிக்கும் பாக்டீரியாக்கள் பெருக நேரம் வேண்டும். அவசரப்பட்டால் வயிறு உப்பும், "நார் ஒத்துக்கொள்ளவில்லை" என்று மொத்தத்தையும் நிறுத்திவிடுவார்கள். லேசான வாயு சகஜம். வயிற்று வலி, சளி, ரத்தம், அல்லது இரவில் எழுந்து போவது என்று வந்தால் முந்தைய படிக்கு இறங்கி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பழைய சோறு கேட்டிருக்கிறீர்கள். வெந்த சாதம் ஆறும்போது அமைலோஸ் இழைகள் மறுபடி இறுகி, கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காததாகிவிடும். எவ்வளவு என்றால், ஒரு ஆய்வில் சூடான சாதத்தில் 100 கிராமுக்கு 0.64 கிராம், 24 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத் திரும்பச் சூடாக்கியதில் 1.65 கிராம். இரண்டரை மடங்கு என்று கேட்டால் பெரிதாகத் தெரியும், ஒரு தட்டுச் சாதத்துக்குக் கூடுவது இரண்டு, மூன்று கிராம்தான். நல்ல துணை, அதற்கு மேல் இல்லை. தண்ணீர் ஊற்றிப் புளித்ததில் லாக்டிக் பாக்டீரியா இருக்கும், மேலே சொன்ன மாவு அரைக்கும் கூட்டம் அது. ஆனால் டெல்லி மே மாத வெயிலில், 44 டிகிரியில், சமையலறை மேடையில் இரவு முழுக்க வைக்காதீர்கள். சாதத்தில் உயிர் தப்பும் பேசிலஸ் சீரியஸ் வித்துகள் முளைத்து நச்சு செய்யும், அந்த நச்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் தட்டையான பாத்திரத்தில் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாளே முடித்துவிடுங்கள். எப்போதாவது ஸ்டீராய்டோ அசதயோபிரினோ (இரண்டும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள்) தொடங்கினால் அந்தக் காலத்தில் மேடையில் புளிக்க வைத்த சோறு வேண்டவே வேண்டாம்.

இனுலின் பவுடர், சிக்கரி நார் என்று ஆன்லைனில் விற்பதைத் தவிர்க்கச் சொல்வேன். 2023-ல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு, நோய் கிளம்பியிருக்கும் சிலரிடம், அதை உடைக்கும் பாக்டீரியா இல்லாதபோது, நொதிக்காமல் மிஞ்சும் இந்த ஃப்ரக்டான் நாரே நேரடியாக அழற்சியைத் தூண்டுகிறது என்று காட்டியது. வெங்காயம், பூண்டு, கோதுமையிலும் இதே வகை உண்டு. அடங்கிய நிலையில் சமையலில் விழும் அளவுக்குப் பயப்பட வேண்டாம். நோய் கிளம்பினால் சில வாரம் குறைத்துக்கொள்ளலாம்.

ஆன்டிபயாட்டிக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். டெல்லியில் லூஸ் மோஷன் என்றதும் சீட்டில்லாமலே நார்ஃப்ளாக்சசின்-டினிடசோல் பட்டையை எடுத்து நீட்டும் பழக்கம் இருக்கிறது. டினிடசோல், மெட்ரோனிடசோல் இரண்டும் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களைக் குறிவைத்தே செய்யப்பட்டவை. பியூட்டிரேட் செய்பவை அத்தனையும் அந்த வகைதான். மூன்று மாதம் ஜௌ கஞ்சி குடித்து வளர்த்த கூட்டத்தை மூன்று நாள் மாத்திரை காலி செய்துவிடும். வயிறு கெட்டால் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுத்துவிட்டு மருத்துவரைக் கேளுங்கள், மலப் பரிசோதனை செய்யாமல் ஆன்டிபயாட்டிக் வேண்டாம்.

கெட்ட கூட்டத்தை மாற்றி நல்ல கூட்டத்தையே குடியேற்றும் முயற்சியும் உங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. டெல்லி எய்ம்ஸில், மிதமான கொலைட்டிஸ் உள்ளவர்களுக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிரிகளை வாரம் ஒரு தடவையாக ஏழு தடவை செலுத்தி, கூடவே அழற்சி தணிக்கும் உணவுமுறையையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான முடிவு: எட்டாவது வாரம் அறிகுறி நீங்கியவர்கள் 60 சதவீதம், வழக்கமான மருந்தைச் சீராக்கி மட்டும் கொடுத்த பிரிவில் 32 சதவீதம். அதன்பின் உணவுமுறையை மட்டும் தொடர்ந்தார்கள். இது மேற்பார்வையில், கொடையாளரைப் பரிசோதித்துச் செய்ய வேண்டியது. வீட்டில் செய்து பார்க்கலாமா என்று யாராவது வீடியோ காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் கணவருக்கு இப்போது அதற்கான தேவையும் இல்லை.

இந்தப் பதிலைப் படிக்கும் க்ரோன்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குடலில் சுருக்கம் இருக்கிறது என்று ஸ்கேனில் எழுதியிருந்தால் இசப்கோலும் ராஜ்மாவும் அடைப்பை உண்டாக்கலாம். மேலே சொன்ன எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். கொலைட்டிஸ்காரர்களுக்கும், ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ நாடித் துடிப்பு 90-க்கு மேலோ இருந்தால் அன்றே ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் நாரைப் பற்றிப் பேசவே கூடாது.

கடைசியாக அந்தக் குடல் பாக்டீரியா டெஸ்ட். மலத்தில் பியூட்டிரேட் எவ்வளவு என்று சில ரிப்போர்ட்டுகள் எண் போட்டுத் தருகின்றன. உண்டானதில் 95 சதவீதம் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது, ரிப்போர்ட்டில் வருவது மிச்சம். எண் அதிகமாக இருந்தால் நிறைய உண்டானது என்றும் இருக்கலாம், குடல் சுவர் வாங்கிக்கொள்ளவில்லை என்றும் இருக்கலாம், ரிப்போர்ட்டைப் பார்த்து எது என்று பிரிக்க முடியாது. பாக்டீரியாப் பட்டியலும் நேற்று சாப்பிட்டதைப் பொறுத்து மாறும், அதை வைத்து உங்கள் மருத்துவர் மாத்திரையை மாற்றப் போவதில்லை. அந்தப் பணத்தை வைத்து நார் தொடங்கும் முன் ஒரு கால்ப்ரொடெக்டின், மூன்று மாதம் கழித்து இன்னொன்று, இரண்டும் ஒரே லேபில் பாருங்கள். வேறு வேறு லேப் என்றால் முறை மாறும், எண்களை ஒப்பிட முடியாது.